ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள்

ரிமூஸ்கி,
ஜூன் 9, 2013.

தண்டர் பேயில் இருக்கும் மதிப்புக்குரிய கோலீன் ஹாடோ அம்மையாருக்கு,

க்ளேமான் கனுவெல் எழுதுவது. நலமா என்று கேட்டுத் தொடங்கத்தான் கை போகிறது. மே மாதம் நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. ஆறு தடவை கிழித்துப் போட்டேன்.

நீங்கள் எழுதியது நான்கே வரி. "2004 மே மாதம் உங்கள் சங்கத்தில் ரோலாந்த் பெருபே என்ற பெயரைக் கொடுத்து, என்னைப் பெற்றவரைத் தேடி மனுப் போட்டேன். ஒன்பது வருடம் ஆயிற்று. யாரும் வரவில்லை. எனக்குக் குடலில் புற்றுநோய், கல்லீரல் வரை போய்விட்டது. நான் போன பிறகு என் காகிதம் முன்பின் தெரியாதவர்களிடம் கிடக்க வேண்டாம், அழித்துவிடுங்கள்." கூடவே மனு எண்ணும் தேதியும்.

யாரும் வரவில்லை என்பது சரியல்ல. உங்களைப் பெற்ற தாய் வந்தார், அம்மா. 2006 முதல் போன வருடம் வரை, ஒவ்வொரு அக்டோபரிலும், நீங்கள் பிறந்த மாதத்தில், ஏழு முறை வந்தார். ஏழு முறையும் அவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியவன் நான்தான்.

எங்கள் சங்கத்தை நீங்கள் பார்த்ததில்லை. எல்லாம் மின்னஞ்சலில் நடந்தது. ஒரு பழைய காலணிக் கடைக்குக் கீழே இருக்கும் நிலவறைதான் சங்கம். அரசாங்கம் தத்துப் பதிவேடுகளைப் பூட்டி வைத்திருப்பதால், பிள்ளையைக் கொடுத்த தாய்மாரும், போன பிள்ளைகளும் ஒருவரையொருவர் தேடிக்கொள்ள நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்துவது. நான் இங்கே கல்லூரியில் இருபத்திரண்டு வருடம் கணினிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். கணினி சம்பந்தப்பட்டதெல்லாம் என் பொறுப்பு. தேடப்படும் தாயின் பெயரில் ஒரு கோப்புறை, தேடுகிறவர் எழுதியது அதற்குள். தாய் வந்து பெயர் சொன்னால் தட்டச்சு செய்து பார்ப்போம். அந்தப் பெயரில் கோப்புறை இருந்தால் யாரோ தேடுகிறார்கள் என்று பொருள். இல்லையென்றால் அவர் பெயரில் புதிதாக ஒன்று உருவாகும். அவர் எழுதித் தருவதை அதில் வைப்போம். பிறகு பிள்ளை எழுதினால் அதுவும் அதற்குள்ளேயே சேரும்.

உங்கள் அம்மா முதல் தடவை வந்தது மழை நாளில். நனைந்த கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர், கைகள் சிவந்து தோல் உரிந்திருக்கும். எங்கள் செயலாளர் யுகெத் பெயரைக் கேட்டுத் தட்டச்சு செய்தாள். இல்லை என்று வந்தது. ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். எழுதும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு அவ மொகம்கூட வேணாம் வாத்தியாரே. பார்க்கணும்னு கேக்கற உரிமையெல்லாம் எனக்கு இல்ல. இந்தக் காகிதம் அவ கைக்குப் போனாப் போதும்."

அன்றிலிருந்து நான் அவருக்கு வாத்தியார்தான். வரும்போதெல்லாம் ஒரு சின்ன ஜாடியில் அவரே செய்த பன்றி இறைச்சி விழுதும், தடவிச் சாப்பிட ரொட்டியும் கொண்டுவருவார். படியிறங்கும்போதே குரல் கேட்கும்: "என்ன வாத்தியாரே, ஒம்ம மெஷின் இன்னிக்காவது வாயத் தொறக்குமா, இல்ல போன வருஷம் மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா?" நான் தேடிப் பார்த்து, "ஒண்ணுமில்ல ரோலாந்த்," என்பேன். "சரி விடும். எம்பொண்ணு என்ன மாதிரியே சோம்பேறியாத்தான் இருப்பா, எழுத உக்காரவே பத்து வருஷம் ஆகும்," என்று சிரிப்பார். சிரித்துவிட்டு ரொட்டியை அறுப்பார். அறுக்கும்போது யாரையும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்.

நீங்கள் ஆங்கிலம் பேசும் குடும்பத்துக்குப் போனீர்கள் என்று, உங்களைத் தத்துக் கொடுத்த மடத்துக் கன்னியர் யாரோ ஒருமுறை வாய்தவறிச் சொல்லியிருக்கிறார்கள். அதற்காக அறுபது வயதுக்கு மேல் ஆங்கில வகுப்புக்குப் போனார். ஒருநாள் என்னிடம், "'என் இஷ்டமில்லாமத்தான் நடந்துச்சு'ன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?" என்று கேட்டார். சொன்னேன். பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நாலைந்து தடவை முணுமுணுத்துப் பார்த்தார். "கடைசிச் சொல்லு நாக்குல நிக்கமாட்டேங்குது," என்றார்.

போன பிப்ரவரியில் இதயம் நின்று தூக்கத்திலேயே போய்விட்டார். அறுபத்தாறு வயது. அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். இதை இப்படி ஒரு வரியில் சொல்வதற்கு மன்னியுங்கள். வேறு எப்படிச் சொன்னாலும் இது ஒரு வரிதான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்குக் கணினி பழக்கமோ இல்லையோ தெரியாது. ஆனால் என்ன காரணத்தால் இது நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

கோப்புறை என்றால் ஏதோ பெட்டி மாதிரி திரையில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். உண்மையில் அது ஒரு பட்டியல். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், அந்தப் பெயருக்குரியது கணினியின் வட்டில் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஓர் எண். அவ்வளவுதான். ஆனால் பெயரை எப்படி எழுதி வைப்பது என்பதில் ஒவ்வொரு வகை வட்டு அமைப்புக்கும் ஒவ்வொரு வழக்கம். உங்கள் அம்மாவின் குடும்பப் பெயரைப் பிரெஞ்சில் எழுதினால் இரண்டு இடத்தில் எழுத்தின் தலைமேல் ஒரு சிறு கோடு வரும். எங்கள் பழைய கணினி அந்தக் கோட்டை எழுத்திலிருந்து பிரித்து, முதலில் எழுத்து, பிறகு கோடு என்று இரண்டாக வைக்கும். நீங்கள் எப்படித் தட்டச்சு செய்தாலும் அதே முறைக்கு மாற்றிக்கொண்ட பிறகுதான் ஒப்பிட்டுப் பார்க்கும். புதிய கணினிக்கு எழுத்து என்பதே தெரியாது. கொடுத்ததைக் கொடுத்தபடி எண்களாக வைத்துக்கொள்ளும், எண் எண்ணாகத்தான் ஒப்பிடும். விசைப்பலகையிலிருந்து வரும் எழுத்தோ கோடும் சேர்ந்த ஒற்றை எழுத்து. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. அந்தக் கணினிக்கு அவை வேறு வேறு பெயர்கள்.

நீங்கள் மனுப் போட்டது பழைய கணினியில். 2005 கோடையில் எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றியவன் நான். பழைய வட்டில் இருந்த பெயர்கள் பிரிந்த எழுத்துகளோடு அப்படியே வந்தன. மாற்றும்போதே அவற்றைச் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். பத்து வரி நிரல், அரை மணி நேர வேலை. கோப்புகளை எண்ணிப் பார்த்தேன், எண்ணிக்கை சரியாக இருந்தது. எண்ணிக்கை சரி என்றால் எல்லாம் சரி என்று வீட்டுக்குப் போய்விட்டேன். எதையும் மாற்றாமல் பழைய கணினியிலேயே விட்டிருந்தால், உங்கள் அம்மா அந்த மழை நாளிலேயே உங்கள் கடிதத்தைப் படித்திருப்பார்.

தெரியாமல் செய்த பிழை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. வருடா வருடம் இதைத்தான் பாடமாக நடத்தினேன். ஒரே பட்டியலில் ஒரே பெயர் இரண்டு தடவை வரலாமா என்று தேர்வில் கேள்வியே கேட்டிருக்கிறேன். வராது என்று எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. அதையும் மறைக்கப் போவதில்லை.

2008-இல் யுகெத் என்னிடம் வந்தாள். "க்ளேமான், கானியேன்னு ஒரு பேரு. காகிதம் அலமாரியில இருக்கு. கம்ப்யூட்டர் இல்லைங்குது. நாலு தடவ அடிச்சுப் பார்த்துட்டேன்." அந்தப் பெயரிலும் கடைசி எழுத்தின் மேல் கோடு உண்டு. நான் திரையில் பட்டியலைத் திறந்து, அந்தப் பெயரை அங்கிருந்தே நகலெடுத்துத் தேடும் இடத்தில் ஒட்டினேன். உடனே கிடைத்தது. கிடைக்காமல் என்ன செய்யும், அதன் எண்களையே அதற்குக் கொடுத்தேனே! திரும்பி அவளிடம், "பாரு, இருக்கே. கோளாறு ஒன் வெரல்லதான். கொஞ்சம் நிதானமா அடி," என்றேன். இரண்டு மூன்று பேர் இருந்தார்கள், சிரித்தார்கள். அவள் முகம் சிவந்துவிட்டது. "சரி," என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகு எந்தப் பெயர் கிடைக்காவிட்டாலும் என்னிடம் வரவே இல்லை. ஒவ்வொரு எழுத்தாக, கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்வாள். பாவம், தன் விரலில்தான் தப்பு என்று ஐந்து வருடம் நம்பியிருக்கிறாள். அன்று நான் நகலெடுக்காமல் கையால் ஒரே ஒரு முறை தட்டச்சு செய்திருந்தால் போதும். அப்போது உங்களுக்கு நாற்பத்திரண்டு வயது.

மே மாதம் உங்கள் கடிதம் வந்ததும் பெயரைத் தட்டச்சு செய்தேன். ரோலாந்தின் கோப்புறை திறந்தது. உள்ளே அவர் எழுதிய பக்கம் மட்டும்தான் இருந்தது, உங்கள் மனு இல்லை. மனு எண் உங்களிடம் இருக்கிறது, ஆகவே மனு இருந்தாக வேண்டும். பட்டியல் முழுவதையும் திரையில் ஓடவிட்டு வரி வரியாகப் பார்த்தேன். 'பெருபே, ரோலாந்த்'. அதற்கு அடுத்த வரியும் 'பெருபே, ரோலாந்த்'. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பிறகு எண்களாகக் காட்டச் சொன்னேன். குடும்பப் பெயர் ஒன்றில் ஆறு எழுத்து, மற்றதில் கோடு இரண்டும் தனியாக நின்று எட்டு. எட்டு எழுத்து உள்ளதைத் திறந்தேன். உங்கள் மனு அங்கே இருந்தது. நீங்கள் அனுப்பிய நாளுக்குப் பிறகு யாரும் அதைத் திறக்கவே இல்லை.

அதைப் படித்தேன். படிக்க எனக்கு உரிமை இருந்ததா என்று தெரியவில்லை. "என் மருத்துவர் குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்கிறார். ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு வருகிறேன். எனக்கு இரண்டு வயதில் ஒரு மகளும் பதினொரு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். எனக்கு இந்த ஒரு தகவல் போதும். என் தாயைத் தொந்தரவு செய்யும் எண்ணம் இல்லை," என்று எழுதியிருந்தீர்கள்.

ரோலாந்த் அந்த மழை நாளில் எழுதிக் கொடுத்த பக்கத்தைச் சொல் மாறாமல் ஆங்கிலத்தில் தருகிறேன். அசல் பிரதியும் இந்த உறைக்குள் இருக்கிறது. "மகளுக்கு. என் அப்பா நாற்பத்து நான்கு வயதில் குடல் புற்றுநோயில் இறந்தார். என் அண்ணன் முப்பத்தொன்பதில். எனக்கு ஐம்பத்தொன்றில் வந்தது. ஆனால் டாக்டருக்கு என் குடும்பம் தெரியும் என்பதால் வருடா வருடம் குழாய் விட்டுப் பார்த்தார். ஆரம்பத்திலேயே பிடித்து வெட்டி எடுத்துவிட்டார்கள். அதனால்தான் உயிரோடு இருக்கிறேன். நீயும் போய்ப் பார்த்துக்கொள். தள்ளிப்போடாதே. இதைச் சொல்லத்தான் உன்னைத் தேடினேன். வேறு எதற்கும் பயப்படாதே."

நீங்கள் கேட்ட கேள்வி ஒரு வரியில். அதற்கான பதில் அடுத்த வரியில். ஆறரை வருடம் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்திருக்கின்றன. அந்தக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்துதான் நான் அவர் கொண்டுவந்த ரொட்டியைத் தின்றேன்.

முதலில் யுகெத்திடம் போய்ச் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. தன் இரண்டு கையையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்போ நான் சரியாத்தான் அடிச்சிருக்கேன்," என்றாள்.

பிறகு எல்லாப் பெயர்களையும் ஒரே முறைக்கு மாற்றி ஒப்பிட்டுப் பார்த்தேன். உங்களைப் போல் இரட்டைக் கோப்புறை இன்னும் நான்கு இருந்தன. இரண்டில் இரு பக்கமும் உயிரோடு இருக்கிறார்கள். தொலைபேசியில் சொன்னேன். ஒரு தாய் அழுதுகொண்டே எனக்கு நன்றி சொன்னார். அந்த நன்றியை எங்கே கொண்டு வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. சங்கத்தில் என் சாவியை ஒப்படைத்துவிட்டேன். அதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை என்பதும் தெரியும்.

உங்கள் காகிதத்தை அழிக்கச் சொல்லியிருந்தீர்கள். அழிக்கவில்லை. அழிப்பதற்கு முன் உங்களுக்கு இது தெரிய வேண்டும் என்று நினைத்தேன். இதையெல்லாம் படித்த பிறகும் அழி என்று நீங்கள் எழுதினால் யுகெத் அன்றே அழித்துவிடுவாள்.

மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. இருக்கும் பலத்தை எனக்காக நீங்கள் செலவழிக்க வேண்டாம். ஆனால் ஒன்றை இரு கை கூப்பிக் கேட்கிறேன். உங்கள் மகனுக்கு இப்போது இருபது வயது. மகளுக்குப் பதினொன்று. ரோலாந்த் எழுதிய பக்கத்தை உங்கள் மருத்துவரிடம் கொடுத்து, பிள்ளைகளின் பதிவில் அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்லுங்கள். மகன் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டிய வயது இதோ வந்துவிட்டது என்று இங்கே கேட்ட மருத்துவர் சொன்னார். அவன் பயந்து தள்ளிப்போட்டால் விடாதீர்கள். அந்தப் பக்கம் உங்களுக்காக எழுதப்பட்டது. உங்களுக்கு வந்து சேராமல் போனதற்குக் காரணம் நான். அவர்களுக்காவது வந்து சேரட்டும்.

ரோலாந்துக்கு ஒரு தங்கை இருக்கிறார், ஜெர்மென். உங்களுக்குச் சித்தி. போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மாவு பிசைந்த கையோடு நின்றபடியே கேட்டார். "மெஷினுக்குத்தான் கண்ணு இல்ல. ஒனக்குமா இல்ல?" என்றார். பிறகு, "பொண்ணு எழுதியிருந்தாளா? நெசமாவா? அக்கா வர்றதுக்கு முந்தியேவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிசைந்த மாவை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய தொலைபேசி எண்ணைத் தனித் தாளில் எழுதி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் வராது. உங்களுக்கு எங்கள் மொழி வராது. பிறகு எப்படிப் பேசுவது என்று கேட்டேன். என்னை முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்துச் சொன்னார்: "அவ எதுக்குப் பேசணும்? போனைக் காதுல வச்சுக்கிட்டுப் படுத்திருக்கட்டும். நான் பேசிக்கிட்டே இருக்கேன். என் குரலும் அக்கா குரலும் ஒண்ணுதான். வீட்டுல பெத்த தாயே ஏமாந்து போவா."

காலை பத்து மணியிலிருந்து அவர் எங்கும் வெளியே போவதில்லை. உங்களால் எண்களை அழுத்த முடியாத நாளாக இருந்தால், மகனை அழுத்தச் சொல்லுங்கள்.

தலை நிமிர முடியாமல்,
க்ளேமான் கனுவெல்